காலி லிஃப்ட் மேலேதான் போகும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் எங்கள் குடியிருப்பின் ஐந்தாவது மாடி. கையில் டார்ச் லைட்டோடு நின்றுகொண்டிருந்தேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள். லிஃப்ட் ரிப்பேருக்கு ஆள் வந்தால் கூட நிற்பது என் பாடு. அன்றும் நின்றேன். இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டேன். மூன்றாம் ஆள் கேட்கக் கூடாத பேச்சு அது. மிச்சத்தைப் பிறகு அந்த இருவரிடமும், ஒருவருடைய மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுதலாம் என்றார்கள். பேர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்:

"தாடி வைத்த ஒருவர், தோளில் கனமான பையோடு, ஆள் இல்லாத மாடிப்படியில்"

அங்கேயே நிறுத்திவிட்டேன். பையில் இருந்தது ஸ்பேனரும் கிரீஸும். ஆனால் இந்த வரியைப் படிக்கிறவருக்கு ஸ்பேனரா தோன்றும்? எழுதிய எனக்கே தோன்றவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

"அவர் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத"

இதையும் அடித்தேன். பிளம்பரைப் பற்றி எழுதினால் நற்சான்றிதழோடு தொடங்குவேனா? லிஃப்ட் மெக்கானிக்குக்கு மட்டும் எதற்கு?

ஆகவே இப்படித் தொடங்குகிறேன்: ஒரு லிஃப்ட் கம்பெனியில் இரண்டு மெக்கானிக்குகள் ஜோடியாக வேலை செய்தார்கள். மூத்தவர் முஸ்லிம். இளையவர் இல்லை.

2

மூத்தவருக்குக் கம்பெனியில் வைத்த பேர் நிதானம். எதற்கெடுத்தாலும் "நிதானம், நிதானம்" என்பார். இளையவருக்குப் பேர் ராக்கெட். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிதானத்தை ராக்கெட் "மாமா" என்றுதான் கூப்பிடுவார். அவர் பதிலுக்கு "மாப்ளே" என்பார். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. நிதானத்தின் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது ராக்கெட்.

லிஃப்ட் வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் மேலே மெஷின் ரூமில் நிற்பார். இன்னொருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல், இருட்டுக் குழிக்குள் நிற்பார். கூரைமேல் நிற்பவரின் உயிர் மேலே இருப்பவரின் கையில்.

(இதைத் தத்துவமாக எழுதவில்லை. நிஜமாகவே கையில்தான் இருக்கிறது. அங்கே ஒரு பிரேக் லிவர் உண்டு. எப்படியென்று ஆறாவது பகுதியில் வரும்.)

அந்த வருடம் நிதானத்தின் அண்ணன் இறந்துபோனார். அப்பா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்த அண்ணன். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அதன் பிறகு நிதானம் சிகரெட்டை விட்டார். தாடி வளர்ந்தது. வேலை முடிந்து எல்லோரும் கூடும் இடத்துக்குப் போவதை நிறுத்தினார். மதிய இடைவேளையில் மெஷின் ரூமின் மூலையைத் துடைத்து, துணி விரித்துத் தொழுதார்.

என் சித்தப்பா, மகள் இறந்துபோன பிறகு பல மாதம் சவரம் செய்யவில்லை, யாரோடும் பேசவுமில்லை. "பாவம், உடைஞ்சு போயிட்டாரு" என்றார்கள். அதே தாடி, அதே மௌனம். பார்க்கிற கண்தான் வேறு.

3

கம்பெனிக்கு அரசுக் கட்டடங்களின் காண்டிராக்ட் கிடைத்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது. ஊழியர்கள் எல்லோரும் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். யாராவது மதத் தீவிரவாதத்தின் பக்கம் சாய்கிறார்களா என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதற்கான வகுப்பு. நாடு முழுவதும் நடக்கிற திட்டம். ஆசிரியர், டாக்டர், நர்ஸ் எல்லோரும் உட்கார்ந்து முடித்தாயிற்று. இப்போது லிஃப்ட் மெக்கானிக்குகளின் முறை.

வகுப்பெடுத்தவர் நல்ல மாதிரி. எந்த மதத்தின் பேரையும் சொல்லவில்லை. "எல்லாத் தீவிரவாதத்துக்கும் இது பொருந்தும்" என்றார். பிறகு திரையில் அறிகுறிகள் வந்தன. பழைய நண்பர்களிடமிருந்து விலகுவது. திடீரென்று தோற்றம் மாறுவது. கேளிக்கைகளைக் கைவிடுவது. அழிவைப் பற்றிப் பேசுவது.

மதத்தின் பேரை அவர் சொல்லாவிட்டால் என்ன? அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பின் வரிசையில் நிதானம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் என்னைப் பார்த்தாங்க" என்று பின்னால் என்னிடம் சொன்னார். "ராக்கெட் மட்டும் பார்க்கலை. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

(திட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அழித்தேன். அதில் நான் ரொம்பப் புத்திசாலியாக இருந்தேன். குண்டு வெடித்த தெருவில் வீடு இருப்பவர்களிடம் போய் இதெல்லாம் வெட்டி வேலை என்று என்னால் சொல்ல முடியாது. கெட்ட வழியில் போன பிள்ளையைப் பேசித் திருப்பிக்கொண்டு வந்த வீடும் எங்காவது இருக்கும். அந்தக் கதையை அந்த வீட்டுக்காரர்கள் எழுதட்டும். நான் பார்த்தது இது.)

4

ராக்கெட்டை எப்படி எழுதுவது என்று தெரியாமல் திண்டாடினேன்.

முதல் வரைவில் அவரை அயோக்கியனாக்கினேன். சீனியாரிட்டி, பொறாமை என்று காரணம் கட்டினேன். சுலபமாக வந்தது. சுலபமாக வந்ததாலேயே சந்தேகப்பட்டேன்.

நேரில் பார்த்தபோது, எழுதியது எதுவும் ஒட்டவில்லை. ஒரு பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, கால் ஆடிக்கொண்டே இருக்கப் பேசினார்.

"எங்க அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு காது கேட்காதுக்கா. ஸ்டேஷன்ல குண்டு வெடிச்சப்ப அங்க நின்னவரு. நான் சின்ன வயசுலேர்ந்து அவர் காதுகிட்ட கத்திக் கத்திப் பேசி வளர்ந்தவன்."

"அதுக்கும் நிதானத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்லை. அது எனக்குத் தெரியாதா?" "ஆனா வகுப்புல அந்த ஆள் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, மாமா முகம்தான் கண்ணு முன்னால வந்துது. ஒருவேளை யாராவது அவரை இழுத்துட்டுப் போறாங்களோன்னு பயந்துட்டேன். கேஸ் கிடையாது, தண்டனை கிடையாது, கூப்பிட்டுப் பேசுவாங்க, அவ்வளவுதான்னு சொன்னாங்க. அவர்கூட பேசறதுக்கு யாராவது ஒருத்தர் வேணும்னு தோணுச்சு. வகுப்புல கொடுத்த நம்பருக்குப் போன் பண்ணிட்டேன்."

"நீங்களே பேசியிருக்கலாமே."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "அதைத்தான் எங்க அக்காவும் கேட்டா" என்றார்.

இதை நான் நம்புகிறேனா? பாதி நம்புகிறேன். அன்பும் பயமும் ஒரே சட்டையின் இரண்டு கைகளாக அவருக்குள் இருந்தன என்று ஒரு வாக்கியம் எழுதினேன். அழகாக இருந்தது. அதனால் உங்களுக்கு உபயோகமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

5

நிதானத்தை அந்தத் திட்டத்தின் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய கண்ணாடி வைத்த சுத்தமான ஓர் அறை. ஆலோசகர் என்று ஓர் அம்மா, வயது நாற்பதுக்குள். பக்கத்தில் ஓர் ஆள். கடைசிவரை வாயே திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். "இது விசாரணை இல்லை சார், சும்மா ஒரு பேச்சுதான்" என்றார் அந்த அம்மா.

"சும்மா பேசறதுக்கு வேலை நேரத்துல கூப்பிட மாட்டாங்களே" என்றார் நிதானம். அந்த அம்மா சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். எந்தப் பள்ளிவாசல், எப்போதிலிருந்து, ஏன் அப்போதிலிருந்து. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மறைக்க ஒன்றுமில்லாதவனுக்குத்தான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்றே தெரியாதாம். அவர் சொன்னது.

பிறகு அந்த அம்மா குரலை மாற்றாமலே கேட்டார்.

"இந்தக் கட்டடமெல்லாம் ஒரு நாள் தரைமட்டமாகும், ஒருத்தரும் மிச்சம் இருக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களா சார்?"

நிதானத்துக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பிய வாரம் அது. ஓர் உயரமான கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள், பெட்டியின் கூரைமேல் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அழுதுகொண்டிருந்தார். ராக்கெட் அவர் முதுகில் கை வைத்திருந்தார். அப்போது சொன்னது. "எவ்வளவு பெரிசா கட்டினா என்ன மாப்ளே, எல்லாம் ஒரு நாள் தரைமட்டம். எங்க அண்ணனும் இல்லை, நானும் இல்லை, ஒருத்தரும் மிச்சம் இருக்கப் போறதில்லை."

அங்கே இருந்தது இரண்டே பேர்.

"சொன்னேன்" என்றார் அந்த அம்மாவிடம். "ஆனா அது ஒப்பாரிம்மா."

அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார் என்று எழுத ஆசை. நிறுத்தவில்லையாம். எழுதிக்கொண்டே தலையாட்டினாராம்.

வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி கேட்டார்: "யாரு சொன்னதுன்னு தெரிஞ்சுதா?"

"இல்லை."

"எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டு வாரமா உங்க மாப்ள போன்ல உங்களை 'பாய்'னு கூப்பிடறாரு. மாமா எப்ப பாய் ஆனாருன்னு யோசிச்சேன்."

(பாய் என்றால் சகோதரன். மரியாதையான சொல்தான், நானும் சொல்வேன். ஆனால் மாமாவாக இருந்தவரைச் சகோதரனாக்குவது சில சமயம் அவரை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது.)

அரசுக் கட்டடங்களுக்குள் போகும் பாஸை நிதானத்திடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். முடிவு தெரியும்வரை பழைய தனியார் கட்டடங்கள் மட்டும். ஜோடியை மாற்றவில்லை. அப்படித்தான் இருவரும் எங்கள் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

6

எங்கள் லிஃப்ட் என் கல்யாணத்தைவிடப் பழசு. அன்று காலை, காலியாக, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பெட்டியைத் தண்டவாளத்தோடு பிடித்திருக்கும் ஒரு பாகம் நழுவி இறுகிவிட்டதாம். ஒருவர் ஐந்தாவது மாடிக் கதவு வழியாகப் பெட்டியின் கூரைமேல் இறங்கி அதை விடுவிக்க வேண்டும். இன்னொருவர் மேலே மெஷின் ரூமில், கரண்டை அணைத்துவிட்டு, பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது மாடி அம்மா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "அந்தத் தாடிக்காரரைத் தனியா மேல விடறீங்களே, கூட யாராவது நிக்கக் கூடாதா?"

"லிஃப்ட் வேணுமா வேண்டாமா உங்களுக்கு?" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு மூட்டுவலி.

நிதானம் மெஷின் ரூமுக்குப் போனார். ராக்கெட் குழிக்குள் இறங்குமுன் என்னிடம் டார்ச்சைக் கொடுத்தார். "இங்கயே நின்னு, என் கையைப் பார்த்து அடிங்கக்கா."

"பெட்டி விழுந்துடாதே?" என்று கேட்டேன்.

"காலி லிஃப்ட் கீழ விழாதுக்கா. அந்தப் பக்கம் தொங்கற எடைக்கல்லு பெட்டியைவிடக் கனம். பிரேக்கை விட்டா மேலதான் போகும்." சொல்லிவிட்டு மேலே பார்த்தார். ஆறாவது மாடிக்கு மேல் கான்கிரீட் கூரை. பெட்டி கட்டில்லாமல் மேலே போனால் அதன்மேல் நிற்பவர் என்ன ஆவார் என்று நான் கேட்கவில்லை.

இறங்கினார். வாக்கி டாக்கியில் கேட்டார்: "பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

ஸ்பேனரை வைத்தார். எடுத்தார்.

"பாய், பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

ஒரு போல்ட் தளர்ந்தது. பெட்டி லேசாக முனகியது. டார்ச் வெளிச்சத்தில் ராக்கெட்டின் கழுத்து முழுக்க வியர்வை. மூன்றாவது முறை கேட்டார். மேலிருந்து பதில் வர ஒரு மூச்சு தாமதமானது.

"பிடிச்சுத்தான் இருக்கேன்."

(இந்த இடத்தில் முதல் வரைவில் பிரேக் நழுவியது. படிக்கிறவர்கள் சீட் நுனிக்கு வருவார்கள் என்று எழுதினேன். பொய். நிதானம் கையில் பிரேக் நழுவியதே இல்லை. பயம் வருவதற்கு எதுவும் நழுவ வேண்டியதில்லை என்பதுதான் அன்று நான் பார்த்தது.)

ராக்கெட் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பாய், ஒரு நிமிஷம். நான் மேல வர்றேன். நீங்க இங்க வந்து பாருங்க. எனக்குக் கை வரலை."

வாக்கி டாக்கி இரைந்துகொண்டே இருந்தது. பிறகு, "சரி."

படிகளில் செருப்புச் சத்தம் நிதானமாக இறங்கி வந்தது. அதற்குள் ராக்கெட் ஏறி என் பக்கத்தில் நின்றிருந்தார். நிதானம் வந்தார். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். கோபத்தைவிடப் பழசான ஏதோ ஒன்று இருந்தது.

"நான் பிரேக்கை விட்டுடுவேன்னு நினைச்சியா?"

"இல்லை மாமா."

"மூணு தடவை கேட்டே. இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைக்கு மேல கேட்டதில்லை."

ராக்கெட் என்னைப் பார்த்தார். நான் டார்ச்சைப் பார்த்தேன்.

"எங்க அண்ணனுக்காக அழுதேன்" என்றார் நிதானம். "உன்கிட்டதான் அழுதேன். பொண்டாட்டிகிட்டகூட அழலை. அதை எடுத்துட்டுப் போய் அங்க கொடுத்துட்டு வந்திருக்கே."

"நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் மாமா…"

"மாமான்னு கூப்பிடாதே. பாய்னே கூப்பிடு. அதுவே பழகிடுச்சு."

பேச்சு அவ்வளவுதான். கையுறையை மாட்டிக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்தார். "மேல போ" என்றார்.

"நானா?"

"வேற யாரு இருக்கா? வேலை முடியணும்ல."

ராக்கெட் படியேறினார். முதல் முறையாக, மெதுவாக. நிதானம் கூரைமேல் காலை வைக்குமுன் உதட்டுக்குள் ஒரு சொல் சொன்னார். பிஸ்மில்லாஹ். இறைவன் பெயரால். சோறு உண்ணும்போதும், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும்போதும் அவர் சொல்கிற சொல். அதை எழுதலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். படிக்கிற ஒருவருக்காவது இந்த இடத்தில் சந்தேகம் தட்டும் என்று பட்டது. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் அவரை நானும் சவரம் செய்துவிட்ட மாதிரி ஆகும். இருக்கட்டும்.

வாக்கி டாக்கியை எடுத்தார். "பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

மறுபடி கேட்கவில்லை. போல்டுகளைக் கழற்றினார். பெட்டி திடுமென்று ஒரு சாண் மேலே எகிறியது. நான் கத்திவிட்டேன். பிரேக் பிடித்தது. மேலிருந்து குரல் உடைந்து வந்தது: "பிடிச்சிருக்கேன் மாமா, பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்."

நிதானம் அடுத்த போல்ட்டுக்குப் போனார்.

7

இங்கே முடித்துவிடலாம் என்று நினைத்து, வரைவை நிதானத்தின் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் ஒரு தையல் பள்ளி நடத்துகிறார். ஊசியை வாயில் கவ்விக்கொண்டே படித்தார். முடித்ததும் ஊசியை எடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா. ஆனா எங்க வீட்டு ஆள் இவ்வளவு பெருந்தன்மையா இருக்கணும்னு என்ன கட்டாயம்? அவர் உயிரைப் பணயம் வச்சுக் காட்டினாத்தான் உங்க ஆளுங்களுக்கு மனசு இளகுமா? அன்னிக்கு அவர் வேற வழி இல்லாமதான் இறங்கினாரு. வேலையை விட்டுட்டு வந்தா அதையும் யாராவது ஒரு அறிகுறின்னு சொல்லுவாங்க."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க" என்றார்.

பிறகு எனக்குத் தெரியாததைச் சொன்னார். அந்த விவகாரம் முடிந்துவிட்டதாம். கவலைப்பட ஒன்றுமில்லை என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டார்கள். பாஸ் திரும்பி வந்தது. ஆனால் வீட்டில் அண்ணன் பேச்சை எடுத்தால் அவர் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். மகள் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டபோது, "மெதுவா பேசு" என்றாராம். சொந்த வீட்டு ஹாலில்.

"அழறதை நிறுத்திட்டாரு" என்றார். "அதுதான் எனக்கு பயமா இருக்கு."

8

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் நிதானம் வேறு ஜோடி கேட்டு வாங்கிக்கொள்கிறார். நியாயமான முடிவு. அதில் ராக்கெட்டின் குற்றவுணர்ச்சி கொஞ்ச நாளில் ஆறிப்போகிறது.

இன்னொன்றில் ராக்கெட் வீடு தேடி வந்து காலில் விழுகிறார். நிதானம் தூக்கி நிறுத்துகிறார். இதைத்தான் நீங்கள் விரும்புவீர்கள் என்று தெரியும். அதனால்தான் கொடுக்கவில்லை.

மூன்றாவதில் நிதானம் தாடியை எடுத்துவிட்டு வேலைக்கு வருகிறார், எல்லோரும் "இப்பத்தான் பழைய ஆளா இருக்கீங்க" என்கிறார்கள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். நாளையிலிருந்து மறுபடியும் அரசுக் கட்டடம், அதே ஜோடி என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் போன் அடித்தது. திரையில் 'மாப்ள' என்று வந்தது. பேரை இன்னும் மாற்றவில்லை.

தினமும் இந்த நேரத்துக்கு வருமாம். தினமும் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பாராம். மனைவி தையல் மிஷினை நிறுத்தினார். மகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

நிதானம் போனைப் பார்த்தார், பிறகு என்னை.

"மேடம், உங்க கதையில நான் எடுக்கிறேனா, இல்லையா?"

"இன்னும் எழுதலை" என்றேன்.

"எடுத்தா, மன்னிச்சுட்டேன்னு எழுதுவீங்க. எடுக்கலைன்னா, மனசுல வன்மம் வச்சிருக்கேன்னு யாராவது எழுதுவாங்க. ரெண்டும் இல்லாம ஒரு மனுஷன் போனை எடுக்கறதுக்கு வழி இருந்தா சொல்லுங்க."

யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கை மேஜை விளிம்பில் இருக்கிறது. போன் அடித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நேரம் என்னோடு உட்கார்ந்து படித்தீர்கள். அவரிடம் ஏதாவது சொல்லுங்கள். உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுமுன், அவரை என்னவென்று கூப்பிடப் போகிறீர்கள் என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்.